அவர் இனிமை என்று வாசித்தார்

அன்றைக்கு அந்த ஹாலில் இருந்தவர்கள் இவர்கள்தான்: நான், என் மகள், அவளோடு ஆடுவதற்குப் பெங்களூரிலிருந்து வந்திருந்த ஒரு பெண்ணும் ஓர் இளைஞரும், மைக்செட்காரர், நாவலை எழுதிய ஐயா, ஐயாவைப் பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டிவந்து, வாடகையை வாங்கிக்கொண்ட பிறகும் போகாமல் கதவோரம் நின்ற ஆட்டோக்காரர். வேறு யாரும் இல்லை. பிற்பாடு ஆளாளுக்கு ஒரு விதமாகச் சொன்னார்கள். ஐயா சத்தம் போட்டார் என்றார்கள், புத்தகத்தைத் தூக்கி எறிந்தார் என்றார்கள். அங்கே இல்லாதவர்கள் சொன்னது அது. என் வீட்டுக்காரர் இறந்து மாதங்கள் ஆகியிருந்தன. அவர் குரல் மட்டும் ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து வந்துகொண்டிருந்தது. அவரையும் இருந்தவர் என்று சேர்ப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை.

நாகல் நகரில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இருக்கும் மாடி ஹால் அது. பிறந்தநாள், காதுகுத்து என்று வாடகைக்கு விடுவார்கள். நாற்காலிகளை ஓரமாக அடுக்கிவிட்டு ஒத்திகை பார்த்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் பங்குக் கோயில் ஹாலில் ஆட்டம். நோட்டீஸ் அடித்தாகிவிட்டது.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். எல்லாவற்றுக்கும் பயப்படுகிற சுபாவம். கோயிலில் பூசை நடுவில் கேஸை மூடினேனா என்று நினைப்பு வரும். நன்மை அப்பம் வாங்கிய கையோடு வீட்டுக்கு ஓடிவந்து பார்த்திருக்கிறேன். மகள் ஆடும்போது அவள் ஆட்டத்தைப் பார்த்ததைவிட, நான் தைத்துக் கொடுத்த துணி அக்குளில் பிரிந்துவிடுமோ என்று பார்த்ததுதான் அதிகம். சரியாகத் தூங்கி வருஷக்கணக்காகிறது. டாக்டர் அதற்குத் தூக்கமின்மை என்று பெயர் சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்.

என் வீட்டுக்காரர் பலகாரக் கடையில் சரக்கு மாஸ்டர். லட்டு, ஜிலேபி, மைசூர்பாகு எல்லாம் அவர் கைதான். அவரும் பெரிய படிப்புப் படித்தவர் இல்லை. ஆனால் பொட்டலம் கட்ட வரும் பழைய பேப்பரைக்கூட வாசித்துவிட்டுத்தான் கிழிப்பார். முதலாளி திட்டுவார்: "ஏய்யா, பேப்பருக்காய்யா சம்பளம் குடுக்குறேன்?"

அந்த நாவல் எங்கள் வீட்டுக்கு வந்ததே லட்டோடுதான். ஐயா குஜிலியம்பாறைப் பக்கம், மானாவாரி நிலம் வைத்திருப்பவர், தபாலாபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சொந்தக் காசு போட்டு நாவலை அச்சடித்து, திண்டுக்கல்லில் ஒரு சின்னக் கூட்டம் வைத்து வெளியிட்டார். அதற்கு லட்டும் மிக்சரும் சொல்ல எங்கள் கடைக்கு வந்திருக்கிறார். அடுப்படிக்கே வந்து அளவு சொன்னாராம். என்ன புத்தகம் என்று இவர் கேட்டிருக்கிறார். அவரும் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு வீட்டுக்கு வந்த என் வீட்டுக்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"ஏம்மா, ஒரு மனுசன் இனிமையப் பத்தி முந்நூறு பக்கம் எழுதிருக்காரு. எங்க மொதலாளிக்கு இனிப்பப் பத்தி மூணு வார்த்தை தெரியாது."

கூட்டத்துக்கு ஆள் வரவில்லை. லட்டில் பாதி திரும்பி வந்தது. ஐயாவே தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, இவர் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அது கதை மாதிரியே இல்லை. ஒரு வீடு, அதில் ஒரே ஒரு ஆள். அந்த ஆள் ஒவ்வொரு அறையாகப் போய் நின்று யோசிக்கிறார். இருப்பது என்றால் என்ன, போனது எங்கே போகிறது, போனதற்கும் ஓர் இடம் வேண்டாமா என்று பக்கம் பக்கமாக யோசனை. 'அவன்' என்று ஒருவனைப் பற்றியே பேச்சு. அவன் யார் என்று கடைசி வரைக்கும் சொல்வதில்லை. என் வீட்டுக்காரர் அதற்கும் விளக்கம் வைத்திருந்தார். "அவன்னா ஆண்டவரும்மா. பாட்டுல எல்லாம் அவன் அவன்னுதான பாடுறாக?" அப்படி வாசித்தால் எல்லாம் பொருந்தித்தான் வந்தது. 'அவன் இருந்த இடத்தில் இனிமை இருக்கிறது' என்று அந்தப் புத்தகத்தில் திரும்பத் திரும்ப வரும். அதை வாசித்துவிட்டு நிறுத்தி என்னைப் பார்ப்பார், பதம் பார்க்கச் சொல்லி ஒரு துண்டு மைசூர்பாகு கொடுத்துவிட்டு முகத்தைப் பார்ப்பாரே, அந்த மாதிரி.

மகளைக் கான்வென்டில் இங்கிலீஷில் படிக்க வைத்தோம். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். பெங்களூருக்குப் போய் டான்ஸ் படித்தாள். பரதநாட்டியமா என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள், இல்லை என்பேன். சினிமா டான்ஸா என்பார்கள், அதுவும் இல்லை என்பேன். அப்புறம் என்னதான் என்று கேட்டால் எனக்கு வியர்த்துவிடும்.

இவருக்கு நெஞ்சில் கட்டி என்று தெரிந்து வேலையை விட்டு வீட்டில் இருந்தபோதுதான் மகளிடம் அந்தப் புத்தகத்தைப் பற்றிப் போனில் பேச ஆரம்பித்தார். அவளால் வாசிக்க முடியாது என்பதால் தானே வாசித்து வாட்ஸ்அப்பில் குரலாக அனுப்பினார். மத்தியானம் சாப்பிட்ட பிறகு நான் மிஷினில் உட்காருவேன், அவர் கட்டிலில் சாய்ந்துகொண்டு வாசிப்பார். மிஷினை நிறுத்தவா என்று கேட்டதற்கு, "ஓடட்டும், அது நின்னாத்தான் எனக்கு ஓடாது" என்றார். அதனால் அந்தக் குரல் முழுக்க என் கால் மிஷின் சத்தமும் இருக்கிறது. போகப்போக இருமல் கூடியது. வாக்கியத்துக்கு வாக்கியம் இருமல். ஆனால் அந்தச் சொல் வருவதற்கு முன்னால் மட்டும் நின்று, மூச்சை இழுத்துக்கொண்டு, சுத்தமாகச் சொல்வார். இனிமை. அந்த ஒரு சொல்லில் இருமல் விழவே இல்லை.

எல்லாம் கேட்டு முடித்துவிட்டு மகள் ஒரு நாள் போனில் சொன்னாள், இதை நான் டான்ஸாகப் பண்ணப்போகிறேன் என்று.

"அதுல டான்ஸ் எங்கடி இருக்கு? அந்த ஆளு நிக்கிறாரு, யோசிக்கிறாரு. நடக்கக்கூட மாட்டேங்கிறாரே."

"அதுதாம்மா டான்ஸ்."

இவர் போனைப் பிடுங்கினார். "ஏ பாப்பா, நீ நிக்கிறதப் பாக்குறதுக்கு ஆரு டிக்கெட் வாங்குவா? டவுன் பஸ்ல ஏறுனா ஓசில பாக்கலாமே!"

அவள் ஊருக்கு வந்தபோது அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "அப்பா, பாகு பதம் பாப்பீங்கள்ல, அதக் காட்டுங்க." கட்டிலில் கிடந்தபடியே காட்டினார். சுடுபாகை ஒரு சொட்டு எடுத்து, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டிப் பிரித்தால் நடுவில் நூல் மாதிரி இழுபடும். அதற்குக் கம்பிப் பதம் என்று பெயர். பாகு இல்லாமல் வெறும் விரலைத்தான் பிரித்துக் காட்டினார். அந்த நூல் எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது. "அறுந்தா பதம் பத்தலைன்னு அர்த்தம். அவசரப்பட்டா அறுந்துரும்" என்றார். அவள் அதை வைத்தே மொத்த ஆட்டத்தையும் கட்டினாள். ஆடுகிற மூன்று பேரும் ஒருவர் மற்றவர் விரலிலிருந்து, முழங்கையிலிருந்து, கழுத்திலிருந்து அந்தக் கண்ணுக்குத் தெரியாத நூலை இழுப்பார்கள். ஒருவர் ஹாலின் இந்தக் கோடியில், மற்றவர் அந்தக் கோடியில். மெதுவாக, மெதுவாக. நூல் அறாது. முதலில் கொஞ்சம் பண்ணி இவருக்குப் போனில் காட்டினாள். "பதம் சரியா இருக்கு" என்று மட்டும் சொன்னார். மறு வாரம் போய்விட்டார்.

ஐயாவிடம் மகள் போனில் அனுமதி கேட்டபோது, "ஆடுங்க தாயி. படிக்கத்தான் ஆளில்லை, ஆடவாச்சும் ஆள் இருக்கே" என்றாராம். ஒத்திகையைப் பார்க்கிறேன் என்று அவராகத்தான் வந்தார். வெள்ளை வேட்டி, கையில் ஒரு துணிப்பை. நான் அவருக்கு நாற்காலி போட்டு, அந்த நாற்காலிக் கால் ஆடுகிறதே என்று வேறு நாற்காலி மாற்றி, மின்விசிறிக்கு நேர் கீழே வேண்டாம் என்று தள்ளிப் போட்டு, காப்பிக்குச் சர்க்கரை போடலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆட்டம் ஆரம்பித்தது. செத்த நேரம் பார்த்துவிட்டு ஆட்டோக்காரர் மெதுவாகக் கேட்டார்: "பாட்டு எப்பண்ணே போடுவீக?"

"இந்தா ஓடுதுல்ல, இதான் பாட்டு" என்றார் மைக்செட்காரர்.

"இதுல தையமிசினு சத்தம்ல கேக்குது."

"மூடிக்கிட்டுப் பாருண்ணே. இல்ல, ஆட்டோவுல போயி உக்காந்து நீயே ஒண்ணு பாடிக்க."

என் வீட்டுக்காரர் குரல் ஓடியது. இருமினார். மூச்சை இழுத்தார். அவன் இருந்த இடத்தில் இனிமை இருக்கிறது. மகளின் விரல்கள் பிரிந்தன.

ஐயா கையைத் தூக்கினார். "நிப்பாட்டுங்க. இப்பச் சொன்னாரே, அத இன்னொருக்கப் போடுங்க."

போட்டார்கள். இன்னொருக்க என்றார். திரும்பவும் போட்டார்கள். பிறகு பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, பக்கத்தைத் தேடாமலே திருப்பி, மகளிடம் நீட்டினார். "இத வாசி தாயி."

அவள் எழுத்துக்கூட்டினாள். "இ... ன்... மை." தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். "இன்மைன்னா என்னம்மா?"

எனக்கு அந்தச் சொல் தெரியும். தூக்கத்தோடு ஒட்டி வந்தால் தெரியும். டாக்டர் சொல்லியிருக்கிறாரே. என் வீட்டுக்காரருக்கும் தெரியும். பேப்பரில் நம்பிக்கையின்மை, கவனமின்மை என்றெல்லாம் தடங்கல் இல்லாமல் வாசிப்பவர்தான். தனியாக வந்து நின்றபோது எங்களுக்கு அதை அடையாளம் தெரியவில்லை. ன-வுக்கு மேலே ஒரு புள்ளி. அந்தப் புள்ளியை ஒரு கொக்கியாகப் பார்த்துவிட்டார்.

"இல்லைங்கறது தாயி" என்றார் ஐயா. "அவன் இருந்த எடத்துல இப்ப இன்மைதான் இருக்கு. அதான் எழுதுனேன். அவன்னா ஆருன்னு நெனச்சீக?"

நான்தான் சொன்னேன். "ஆண்டவருன்னு நெனச்சோம்யா."

"எம் மகன். மோட்டார் ரூம்ல கரண்டு அடிச்சுப் போனான்."

மைக்செட்காரர் எதற்கோ வயரைச் சரிபார்க்கிற மாதிரி குனிந்துகொண்டார்.

வாசித்தவர் யார் என்று ஐயா கேட்டார். சொன்னேன். அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. "லட்டுப் போட்ட மாஸ்டரா? என்ன புஸ்தகம்னு அன்னைக்கு ஒருத்தர்தான் கேட்டாரு. இன்மையப் பத்தின்னு சொன்னேன். பர்னர் இரைச்சல்ல..." பாதியில் நிறுத்திவிட்டார். "அவரு காதுல இனிமைன்னு விழுந்துருக்கு." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. அதைப் பார்த்துத்தான் எனக்குத் தைரியம் வந்தது.

"ஐயா, இப்படியே விட்டுரலாம்யா. ஆருக்கும் தெரியாது. அவரு குரல் இது ஒண்ணுதான் சபையில கேக்கப்போகுது. ஒத்தப் புள்ளிதானய்யா."

"ஒத்தப் புள்ளிதான்" என்றார். "எனக்கும் ஒத்தப் புள்ளதான் தாயி."

சத்தம் போடவில்லை. புத்தகத்தை எறியவும் இல்லை. பைக்குள் வைத்துக்கொண்டு சொன்னார்: "ஆட்டம் நல்லாருக்கு. நான் ஒண்ணும் தடுக்கல. ஆனா எம் மகன் போன எடத்துல இனிமை இருக்குன்னு நாலு பேரோட உக்காந்து நான் எப்படிக் கேக்க?" ஆட்டோக்காரர் வந்து அவர் கையைப் பிடித்து மாடிப்படியில் இறக்கினார். என்னிடம் ஐயா "வாரேன்" என்று சொல்லிக்கொண்டே போனார். காப்பி அப்படியே இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு மகள் சொன்னாள், அப்பா குரலையே எடுத்துவிடுகிறேன், வேறு யாரையாவது வைத்து வாசிக்கச் சொல்கிறேன் என்று.

"எடு. எடுத்து இன்னொருக்கப் பொதைச்சுட்டு வா" என்றேன்.

"அவரு மகன்மா."

"எனக்கு மட்டும் உங்கப்பா ஆரு? ரோட்டுல போறவரா?"

அவள் என் மிஷினுக்கடியில், சின்னப் பிள்ளையில் துண்டுத் துணி பொறுக்குவாளே, அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் சோறு ஆக்கினேன். இரண்டு பேரும் சாப்பிடவில்லை. அப்புறம் அவளேதான் சொன்னாள். குரல் இருக்கட்டும், அந்தச் சொல்லை மட்டும் எடுத்துவிடலாம். வேறு யாரையும் அந்த இடத்தில் பேசச் சொல்ல வேண்டாம். ஐயா சொன்னது இல்லைங்கிறதைத்தானே, அந்த இடத்தில் ஒன்றும் இல்லாமல் இருக்கட்டும். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நான் எழுந்து மிச்சச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தேன்.

மைக்செட்காரர் வீட்டு முன் அறையில்தான் அவருடைய கம்ப்யூட்டர். வெட்டும்போது நானும் கூட இருப்பேன் என்று அடம்பிடித்துப் போனேன். கைதவறி வேறு எதையாவது வெட்டிவிட்டால்? திரையில் என் வீட்டுக்காரர் குரல் மேடு பள்ளமாக ஓடியது. இருமல் பெரிய மேடு. அதற்குப் பிறகு ஒரு சின்னப் பள்ளம், அது மூச்சு. அதற்குப் பிறகு அந்தச் சொல். சின்னதாக, உருண்டையாக. மைக்செட்காரர் அதன் இரண்டு பக்கமும் கோடு போட்டு எடுத்துத் தனியாக வைத்தார். அடுத்தது. அடுத்தது.

முதல் இடத்தைப் போட்டுக் காட்டினார். அவன் இருந்த இடத்தில், பிறகு ஒன்றும் இல்லை, பிறகு இருக்கிறது. அவரே தலையை ஆட்டினார்.

"சரிப்படாதுக்கா. சும்மா விட்டா செட்டு புட்டுக்கிச்சும்பாய்ங்க. எம் பொழப்பு போயிரும். வேற எதையாச்சும் வச்சுத்தான் நெரப்பணும்."

"எத வைப்பீக?"

அவர் தேடினார். வாசிப்புக்கு நடுவில் இவர் தண்ணீர் குடிக்க நிறுத்திய ஓர் இடம் இருந்தது. அங்கே என் மிஷின் சத்தம் மட்டும் தனியாக ஓடியிருக்கிறது. அதிலிருந்து துண்டு எடுத்து ஒவ்வொரு ஓட்டையிலும் வைத்து ஒட்டினார். "இப்பப் பாருங்க, ஒட்டுனதே தெரியாது" என்றார். நானும் ஒட்டுத் துணி வைத்துத் தைப்பவள்தான். நல்ல வேலை. ஒட்டு தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஹாலில் கூட்டம் வந்தது. பலகாரக் கடை ஆட்கள், சிஸ்டர்கள், தெருக்காரர்கள். முன் வரிசையில் ஐயா. என் நாத்தனார் என் காதில், "உம் மக என்னடி, அப்பலருந்து பாகாக் காய்ச்சுறா, பலகாரத்தக் காணோமே" என்றாள். கடை முதலாளி மட்டும் மகள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை அவர் விரலும் தன்னால் ஒட்டிப் பிரிந்ததைப் பார்த்தேன்.

மகள் ஆட்டத்தில் ஒன்றையும் மாற்றவில்லை. அதே விரல், அதே இழுப்பு. மாடி ஹாலில் பார்த்தபோது அந்த விரல்களுக்கு நடுவில் பாகு இருந்தது. இப்போது இல்லை. எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவன் இருந்த இடத்தில் என்று அவர் குரல் வரும். இருமல், மூச்சு. உடனே என் மிஷின் மட்டும் கடகடவென்று ஓடும். பிறகு, இருக்கிறது. திரும்பத் திரும்ப அப்படியே. இவ்வளவு வருஷம் அந்த மிஷினை மிதித்தவள் நான். வெளியே உட்கார்ந்து அதன் சத்தத்தைக் கேட்டது அன்றைக்குத்தான். ஆள் இல்லாத வீட்டில் யாரோ தைத்துக்கொண்டிருப்பது போல் இருந்தது. அக்குள் தையல் பிரிந்ததா என்று நான் பார்க்கவே இல்லை.

முடிந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். ஐயா எழுந்து என்னிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது. "இப்பச் சரியா இருக்கு தாயி" என்றார்.

நல்ல மனசோடுதான் சொன்னார். நானும் தலையாட்டினேன். சரியாகத்தான் இருந்தது.

மகள் பெங்களூருக்குப் போய்விட்டாள். வேறு ஊர்களிலும் அதை ஆடுகிறாள். அந்த மிஷின் சத்தம் வருகிற இடத்தைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்களாம். முழு வாசிப்பும் அவளிடம் இருக்கிறது, கேட்கிறாயா என்று போனில் கேட்பாள். இருமலை என்னால் கேட்க முடியாது.

வெட்டிய துண்டுகளை மைக்செட்காரர் அழிக்கவில்லை. எல்லாவற்றையும் வரிசையாக ஒட்டி ஒன்றாக வைத்திருக்கிறார். இனிமை, இனிமை, இனிமை. இருமல் இல்லை, மிஷின் சத்தம்கூட அவ்வளவாக இல்லை. என் போனில் ஏற்றித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். போன் தொலைந்தால்? தண்ணீரில் விழுந்தால்? கை பட்டு அழிந்தால்? அவரிடமே இருக்கட்டும்.

வெட்டி ஒட்டிய வேலைக்கான காசை மட்டும் நான்தான் தருவேன் என்று சொல்லியிருந்தேன். வேண்டாம்க்கா என்றவரைக் கட்டாயப்படுத்தி மூவாயிரம் என்று பேசி முடித்தேன். ஜாக்கெட் கூலி வரும்போது நூறு, இருநூறு என்று கொண்டுபோய்க் கொடுக்கிறேன். வாங்கி வைத்துக்கொண்டு, அவராகவே பெரிய பெட்டியில் அந்தத் துண்டுகளைப் போட்டுவிட்டு, டீ வாங்கப் போகிறேன் என்று வெளியே போய்விடுவார். போன மாதம் கையில் மொத்தமாகப் பணம் இருந்தது. நூறுதான் கொடுத்தேன்.

இன்னும் தர வேண்டியது ஆயிரத்து நானூறு ரூபாய்.